குண்டூசி எழுதிய விதிவிலக்கு

தன் வீட்டு ஃப்ரிட்ஜில் இன்னொருத்தன் படம் ஒட்டியிருக்க, தினமும் விடிந்ததும் அவன் மூஞ்சியில் விழித்துத்தான் பால் எடுக்க வேண்டும் என்று ஒரு மனுஷனின் தலையில் எழுதியிருந்தால் அவன் என்னதான் செய்வான்? குண்டூசிக்கு இந்தத் தண்டனை இருபத்தேழு நாளாக நடந்துகொண்டிருந்தது.

குண்டூசி என்பது அலுவலகம் வைத்த பெயர். வனவிலங்குத் துறையின் மாவட்ட அலுவலகத்தில், வழக்குப் பிரிவில் அவருக்குப் பத்தொன்பது வருட வேலை. களத்தில் இருப்பவர்கள் எதைப் பிடித்து வந்தாலும் அதற்குரிய தாள்களைச் சேர்த்து, எண் போட்டு, ஓரம் தட்டி, குண்டூசி குத்திக் கோர்ட்டுக்கு அனுப்புவது அவர்தான். யாராவது தேதியைத் தப்பாக எழுதினால் அவர்களையும் ஒரு குத்து குத்துவார். அதனால் பெயர் நன்றாகவே ஒட்டிக்கொண்டது.

ஃப்ரிட்ஜில் இருந்தது புலி. நிஜப் புலியாக இருந்தால் குண்டூசியே ஃப்ரேம் போட்டு மாட்டியிருப்பார். இது களப் பிரிவு இன்ஸ்பெக்டர். மீசையையும் மார்பையும் பார்த்து ஊர் புலி என்று கூப்பிட்டது. ஆள் புலியை மிருகக்காட்சி சாலையில்தான் பார்த்திருக்கிறான், அதுவும் டிக்கெட் வாங்கி. இதெல்லாம்கூடப் போகட்டும். அவன் குண்டூசிக்குச் சகலை. குண்டூசியின் மனைவிக்குக் கூடப் பிறந்த தங்கச்சியின் புருஷன். வேலை இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தவனுக்கு இந்தத் துறையில் ஆள் எடுக்கிறார்கள் என்று சொன்னதும், விண்ணப்பத்தைத் தன் கையால் எழுதிக் கொடுத்ததும் குண்டூசிதான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான்.

நடந்தது என்னவென்றால், கடைத்தெருவில் மீன் தொட்டி விற்கிற ஒருவன், கடைக்குப் பின்னால் இருந்த அறையில் அறுபத்திரண்டு நில ஆமைகளைப் பயணப் பெட்டிகளில் அடுக்கி வைத்திருந்தான். வெளிநாட்டுக்குப் போக வேண்டியவை. தேசிய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், தொட்டாலே சிறை என்கிற இடத்தில் இருக்கும் ஆமைகள் அவை. புலி கதவை உடைத்து உள்ளே போனான். மறுநாள் பேப்பரில் பாதிப் பக்கத்துக்குப் படம். கையில் ஆமை, முகத்தில் சிரிப்பு.

"எங்க குடும்பத்துல முதல் தடவையா ஒருத்தர் படம் பேப்பர்ல வந்திருக்கு" என்று குண்டூசியின் மனைவி அதைக் கத்தரித்து, காந்தம் வைத்து ஃப்ரிட்ஜில் மாட்டிவிட்டாள்.

குண்டூசிக்கு வயிறு எரிந்தது. சும்மா எரியவில்லை, திகுதிகுவென்று எரிந்தது. கதவை உடைக்க எவ்வளவு நேரம் ஆகும்? அரை நிமிஷம். அந்த அரை நிமிஷத்தைக் கோர்ட்டில் நிற்க வைக்க இருநூறு தாள் எழுத வேண்டும். இருநூறு தாள் எழுதியவனின் படத்தை எந்தப் பேப்பர்க்காரனாவது போட்டிருக்கிறானா? நோகாமல் நுங்கு தின்கிற பயல் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே தினமும் பால் எடுத்தார்.

புதன்கிழமை காலை. மூக்குக் கண்ணாடியோடு ஃப்ரிட்ஜ் முன்னால் நின்றவர், வழக்கம்போல் படத்தை முறைத்தார். பொறாமைக்காரன் பார்ப்பதுபோல உலகத்தில் வேறு யாரும் பார்க்க மாட்டார்கள். அந்த மீசையில் சாயம் இருக்கிறதா, தொப்பை தெரிகிறதா என்று அங்குலம் அங்குலமாக மேய்ந்தவரின் கண், முதல் முறையாக ஆமைக்கு வந்தது. ஓட்டின் மேல் வெள்ளை மையில் பதினேழு என்று எண். புலியின் முதுகுக்குப் பின்னால் துறையின் எட்டு மரப்பெட்டிகள். ஏழில் கயிறு கட்டி, முடிச்சின் மேல் சிவப்பு அரக்கு முத்திரை. மூன்று என்று எழுதிய பெட்டி மட்டும் திறந்து கிடந்தது. அறுந்த கயிற்றில் அரக்குக் கட்டி அப்படியே தொங்கியது.

குண்டூசி பாலைக் கீழே வைத்தார்.

பறிமுதல் பட்டியல் அவருக்கு மனப்பாடம். பெட்டிக்கு எட்டு ஆமை, கடைசிப் பெட்டியில் மட்டும் ஆறு. பதினேழு முதல் இருபத்து நான்கு வரை மூன்றாவது பெட்டி. பதினொன்றே காலுக்கு எல்லாப் பெட்டிக்கும் முத்திரை வைத்தாயிற்று, அதன்பின் எதுவும் திறக்கப்படவில்லை என்று புலி கையெழுத்துப் போட்டிருந்தான். ஆனால் படத்தில் அரக்கு உடைந்திருக்கிறதே! முத்திரை வைத்த பிறகு பெட்டியைத் திறந்திருக்கிறான். படத்துக்கு நிற்கத் திறந்திருக்கிறான், படவா.

சட்டத்தின் நாற்பத்தோராம் பிரிவு இதில் ஈவு இரக்கம் பார்க்காது. முத்திரை வைத்ததில் ஒரு பெட்டியைக் கோர்ட் ஆணை இல்லாமல் திறந்தாலும் மொத்தப் பறிமுதலும் சாட்சியம் இல்லை. அதிகாரிகளே நல்ல விலங்கை எடுத்துவிட்டுச் செத்ததை வைத்துவிடுவார்கள் என்ற பயத்தில் போட்ட பிரிவு. உயிருள்ள விலங்காக இருந்தால், யாரிடமிருந்து எடுத்தார்களோ அவரிடமே திருப்பித் தர வேண்டும்.

அதாவது புலி மண்ணைக் கவ்வுவான். குண்டூசிக்கு உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை குளுகுளுவென்று இருந்தது. "என்ன, தனியா நின்னு சிரிக்கிறீங்க?" என்று மனைவி கேட்டாள். "பால் நல்லா இருக்கு" என்றார்.

இதில் இன்னொரு அழகு உண்டு. அந்தத் துறையில் ஒரு வழக்கம். வழக்குக் கோப்பில் கடைசித் தாளாகப் பேப்பர் செய்தியை வெட்டி ஒட்ட வேண்டும். மேலதிகாரிக்குப் பேப்பரில் துறையின் பெயரைப் பார்ப்பது என்றால் உயிர். அலுவலகத்தில் அதைப் புகழ்ப் பக்கம் என்பார்கள். கோப்பு கோர்ட்டுக்குப் போகும்போது முழுப் பிரதி ஒன்று எதிர்த்தரப்பு வக்கீலுக்கும் போகும். மீன் தொட்டிக்காரனுக்கு வாதாடுகிற அம்மாவுக்குக் கோர்ட் வட்டாரத்தில் சல்லடை என்று பெயர், எந்த வழக்கிலும் ஓட்டையைக் கண்டுபிடித்துவிடுவதால். இந்தப் படத்தைப் பார்த்தால் அவள் விடுவாளா?

ஆக, குண்டூசி எந்தத் துரோகமும் செய்ய வேண்டாம். யாருக்கும் மொட்டைக் கடுதாசி போட வேண்டாம். எப்போதும்போல் தன் கடமையைச் செய்தால் போதும். பழம் நழுவிப் பாலில் விழுந்ததென்றால், இங்கே பாலும் அவர் வீட்டு ஃப்ரிட்ஜிலேயே இருந்தது.

வியாழக்கிழமை மத்தியானம்வரை கோப்பைச் சேர்த்தார். புகழ்ப் பக்கத்தைக் கடைசியில் வைத்து, ஓரம் தட்டி, ஊசியைக் குத்தினார். பத்தொன்பது வருடத்தில் இவ்வளவு ருசித்து ஒரு ஊசியை அவர் குத்தியதில்லை. முகப்புத் தாளில் பிரிவு எண்களை எழுத வேண்டும். தப்பு வரக்கூடாதே என்று சட்டப் புத்தகத்தை எடுத்து நாற்பத்தோராம் பிரிவைப் புரட்டினார். அங்கேதான் வினை.

அந்தப் பிரிவின் அடியில் ஒரு விதிவிலக்கு உண்டு. 'எனினும், அடைக்கப்பட்ட உயிரினம் மூச்சுத் திணறுவதாகவோ சாகும் நிலையில் இருப்பதாகவோ அதிகாரி நம்பினால், நீதிமன்ற ஆணைக்குக் காத்திராமல் முத்திரையை உடைக்கலாம்; உடைத்ததையும் அதன் காரணத்தையும் முப்பது நாளுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும்.'

இந்த வாக்கியத்தை எழுதியவர் குண்டூசி. நம்ப மாட்டீர்கள், ஆனால் அதுதான் உண்மை. பதினொரு வருடத்துக்கு முன்னால் சட்டத்தைத் திருத்தத் தலைநகரில் குழு போட்டபோது, தாள் எடுத்துக் கொடுக்க இவரை எட்டு மாதம் அனுப்பியிருந்தார்கள். முத்திரையை எக்காரணம் கொண்டும் உடைக்கக் கூடாது என்று பெரிய பெரிய ஆட்கள் மேசையைத் தட்டிப் பேசினார்கள். குண்டூசிக்குத் தன் அலுவலகத்துக்கு வந்த ஒரு சாக்கு ஞாபகம் வந்தது. பதினெட்டுக் கிளிகள். கோர்ட் ஆணை வர நாலு நாள் ஆயிற்று. ஆணையோடு திறந்தபோது பதினெட்டும் செத்துக் கிடந்தன. அரக்கு மட்டும் பத்திரமாக இருந்தது. அவர் ஒரு துண்டுச் சீட்டில் இந்த வாக்கியத்தை எழுதிக் குழுத் தலைவி அம்மாவின் முன்னால் வைத்தார். அந்த அம்மா படித்தார், தலையை ஆட்டினார், சேர்த்துக்கொண்டார். யார் எழுதியது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நாட்டின் சட்டத்தில் ஒரு வாக்கியம் தன்னுடையது! ஊர் திரும்பி அதை மனைவியிடம் ஒரு மாதம் படித்துப் படித்துக் காட்டினார். ஆனால் பதினொரு வருடத்தில் எந்தக் கோர்ட்டும் அதை ஒருமுறைகூட வாய்விட்டுப் படித்ததில்லை. எந்த அதிகாரிக்கும் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. பெற்ற பிள்ளை மூலையில் முடங்கிக் கிடப்பதுபோல அது அங்கேயே கிடந்தது.

இப்போது அறுபத்திரண்டு ஆமைகள் மறுபடியும் பயணப் பெட்டிக்குள் போகப் போகின்றன, அவர் வாக்கியம் பக்கத்திலேயே கைகட்டி நின்று வேடிக்கை பார்க்கப் போகிறது. ஒருவேளை, ஒருவேளைதான், புலி படத்துக்காகத் திறக்காமல் இருந்திருந்தால்? நாட்களை எண்ணினார். முப்பதாவது நாள் வெள்ளிக்கிழமை. நாளைக்கு.

ஆமைகளுக்காகத்தான் அவர் எழுந்தார் என்று நான் சொன்னால் அது முழு உண்மை இல்லை. கிளிகள் ஞாபகம் வந்தது நிஜம். ஆனால் அதைவிட, தன் வாக்கியம் ஒரு தடவையாவது கோர்ட்டில் ஒலிக்க வேண்டும் என்ற ஆசைதான் அவரை நாற்காலியிலிருந்து கிளப்பியது. புலியின் மேல் இருந்த பொறாமையைவிட அந்த ஆசை ஒரு நூல் கூட.

காப்பகம் ஊருக்கு வெளியே இருந்தது. புலி கம்பி வலைக்குள் குந்தி உட்கார்ந்து கீரைக் கட்டைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தான்.

"அண்ணே! என்ன இந்தப் பக்கம்? டீ சொல்லட்டுமா?"

"டீ கெடக்கட்டும். மூணாவது பெட்டிய எதுக்குத் தொறந்த?"

"எந்தப் பெட்டி?"

"முழுப் பூசணிக்காய சோத்துல மறைக்காத. பதினேழாம் நம்பர் உன் கையில இருக்கு. பின்னால பெட்டி வாயப் பொளந்துட்டுக் கெடக்கு. உங்க அண்ணி என் வீட்டு ஃப்ரிட்ஜுல ஒட்டி வெச்சிருக்கா, ஒரு மாசமா பாத்துட்டு இருக்கேன்."

புலியின் மீசை தொங்கிவிட்டது. கீரையைக் கீழே வைத்துவிட்டு, வெளியே யாராவது இருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்தான்.

"சீல் வெச்சு கையெழுத்தெல்லாம் வாங்கியாச்சுண்ணே. லாரிக்காக வெயில்ல நிக்கிறோம். பெட்டிக்குள்ள கீறுற சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. திடீர்னு ஒரு பெட்டில மட்டும் நின்னு போச்சு. கிட்டப் போயிப் பாத்தா, ஏழு பெட்டில காத்துக்கு ஓட்டை போட்டிருக்கு, மூணுல இல்ல. ஓட்டை போடுறது என் வேலை. மறந்துட்டேன்."

"அப்புறம்?"

"அரக்க உடைச்சுட்டேன். வேற என்ன பண்றது? இந்தப் பதினேழு வாயத் தொறந்துக்கிட்டு கழுத்த தொங்கப் போட்டுக் கெடந்துச்சு. கையில தூக்கிட்டு வந்து காத்துல வெச்சு நின்னேன். கொஞ்ச நேரத்துல காலை ஆட்டுச்சு. அப்பத்தான் அந்தப் பேப்பர்க்காரன் வந்து, சார் அப்படியே நில்லுங்கன்னான்."

"அதுக்கு ஈன்னு பல்லைக் காட்டுவியா?"

"கேமராவப் பாத்தா சிரிப்பு வந்துடுதுண்ணே. சின்ன வயசுலேருந்தே அப்படித்தான்."

"சரி, உடைச்சத எழுத வேண்டியதுதான?"

"எழுதினா, ஓட்டை போட மறந்தேன்னும் எழுதணுமே" என்றான் புலி. "ஊரே புலி புலிங்குது. இதப் போயி எப்படி எழுதுறது? ஓட்டைய அப்புறமாப் போட்டு, மறுபடி சீல் வெச்சுட்டேன்."

குண்டூசிக்கு அந்தக் கணம் பொங்கிய சந்தோஷத்தை என்னவென்று சொல்வது! ஊர் கொண்டாடிய படம் ஒரு மறதியின் படம். வெறும் வாயை மென்றுகொண்டிருந்தவருக்கு அவல் கிடைத்தது. மேலும் பாருங்கள், ஆமைகளைக் காப்பாற்ற வேண்டுமானால் அந்த மறதியை இவனே தன் கையால் எழுதிக் கொடுக்க வேண்டும். வழக்கும் நிற்கும், புலியின் வாலும் அறுபடும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

சட்டப் புத்தகத்தைப் பையிலிருந்து எடுத்து விதிவிலக்கைப் படித்துக் காட்டினார். புலி வாயைப் பிளந்தான்.

"இப்படி ஒண்ணு இருக்கா? எந்தப் புண்ணியவான் எழுதினது?"

"நான்தான்."

"நீங்களா!"

"நான்தான்டா. உனக்கு வேலை கிடைக்கிறதுக்கு முன்னாடியே எழுதிட்டேன்" என்றார் குண்டூசி. அவன் தன்னை அண்ணாந்து பார்த்த அந்தப் பார்வையை அவர் ஒரு நிமிஷம் நன்றாக வாங்கிக்கொண்டார். அப்புறம் தாளை நீட்டினார்.

"‘காற்றுத் துளை தவறுதலாக விடுபட்டது'ன்னு போடட்டுமாண்ணே?"

"கூடாது. யாரு விட்டது? ‘துளை போட நான் மறந்துவிட்டேன்'னு போடு."

"நான்ங்கிறது வேணுமா?"

"வேணும். ‘அதன்பின் திறக்கவில்லை என்று நான் எழுதியதும் உண்மையல்ல'ன்னு போடு. கையாலயே மூணு பிரதி எழுது. கார்பன் வேண்டாம்."

கார்பன் வைக்கலாம். சட்டத்தில் தடை ஒன்றும் கிடையாது. புலி வியர்க்க வியர்க்க மூன்று முறை ‘நான் மறந்துவிட்டேன்' என்று எழுதுவதைக் குண்டூசி நின்று பார்த்தார். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குக் கோர்ட் அலுவலகத்தில் முத்திரை குத்தி வாங்கினார்.

இரண்டு மாதம் கழித்து விசாரணை. குண்டூசி லீவு போட்டு, சட்டையைத் தானே இஸ்திரி போட்டுக்கொண்டு, கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார். எதிர்பார்த்தபடியே சல்லடை புகழ்ப் பக்கத்தைத் தூக்கிப் பிடித்து, அறுந்த கயிறு, உடைந்த அரக்கு, பதினேழாம் எண் என்று ஒவ்வொன்றாகக் காட்டினாள். புலி எழுதிக் கொடுத்த அறிக்கை விதிவிலக்குக்குப் போதாது என்றும், ஆமைகளைத் திருப்பித் தர வேண்டும் என்றும் கேட்டாள். மீன் தொட்டிக்காரன் கால்மேல் கால் போட்டுக்கொண்டான்.

நீதிபதி புலியின் அறிக்கையை எடுத்தார். சட்டப் புத்தகத்தைத் திறந்தார். "எனினும்" என்று ஆரம்பித்து, நிறுத்தி நிதானமாக, அந்த வாக்கியத்தை முழுசாகப் படித்தார். கடைசி வரிசையில் குண்டூசியின் உதடுகளும் கூடவே அசைந்தன. கண்ணில் தண்ணீர் முட்டியது. பக்கத்தில் இருந்த போலீஸ்காரர், கேஸ் தோற்றுவிட்டதாக்கும் என்று நினைத்து ஆறுதலாக முதுகில் தட்டினார்.

ஆமைகள் காட்டுக்கு. மீன் தொட்டிக்காரன் சிறைக்கு. அதோடு முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார்.

"தன் தப்பைத் தானே எழுதிக் கொடுத்த ஒரு அதிகாரிய நான் என் சர்வீஸ்ல பாத்ததில்ல. ‘நான் மறந்துவிட்டேன்'னு எவ்வளவு பச்சையா எழுதியிருக்கார்! யாருக்கும் தெரியாத விதிவிலக்கைத் தெரிஞ்சு வெச்சிருக்கார் வேற."

மறுநாள் பேப்பரில் பாதிப் பக்கம். ‘தவற்றை மறைக்காத புலி.' கீழே, கட்டம் கட்டி, அந்த விதிவிலக்கு முழுசாக. சட்ட நுணுக்கம் அறிந்த அதிகாரி என்று ஒரு வரி. படம் பழைய படமேதான். குரங்கு பிடிக்கப் போய்ப் பிள்ளையாராக முடிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டில் எல்லோருக்கும் சாப்பாடு. மாமனார் பேப்பரை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். இலக்கியச் சொற்பொழிவுபோல அதைச் சத்தமாகப் படித்து, "சின்ன மாப்பிள்ளை நம்ம வம்சத்துக்கே பேர் வாங்கிக் குடுத்துட்டார்" என்றார்.

புலி சாப்பிடுவதை நிறுத்தினான். அவனைச் சும்மா சொல்லக் கூடாது. "மாமா, அது எல்லாமே அண்ணன்தான். அந்தப் பிரிவ எழுதினதே அண்ணன். என்னை ஒக்கார வெச்சு எழுத வெச்சதும் அண்ணன். எனக்கு ஒண்ணும் தெரியாது."

குண்டூசி நிமிர்ந்தார். இதற்காகத்தானே பதினொரு வருடம்! மாமனார் அவரைப் பார்த்தார், புலியைப் பார்த்தார், மாமியார் பக்கம் திரும்பினார்.

"பாத்தியா, என்ன அடக்கம்! வந்த பேர அப்படியே தூக்கி அண்ணனுக்குக் குடுக்குறார் பாரு!"

"இல்ல மாமா, நெஜமாவே அண்ணன்தான்..."

"அய்யோ, மேல மேல சொல்றாரே! பெரிய மாப்பிள, நீங்களும் இதையெல்லாம் கத்துக்கணும்."

குண்டூசி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பொய் சொல்லி அபகரித்திருந்தாலாவது திட்டலாம். இவன் உண்மையைச் சொல்லி அபகரிக்கிறானே! பொறாமை பொறாமையாக வந்தது. அந்தப் பதினேழாம் நம்பர் ஆமைமேல்கூட வந்தது. அதுக்கும் இரண்டு தடவை பேப்பரில் படம் வந்துவிட்டது.

மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்ததும் கத்தரிக்கோலை எடுத்தாள். ஃப்ரிட்ஜிலிருந்து புலியை எடுத்து இழுப்பறைக்குள் போட்டாள். புதுப் பேப்பரிலிருந்து கட்டம் கட்டிய வாக்கியத்தை மட்டும் வெட்டி, காந்தம் வைத்து மாட்டினாள்.

"உன் தங்கச்சி வந்தா கேப்பாளே?"

"கேக்கட்டும். ஒரு மாசம் இத எனக்குப் படிச்சுப் படிச்சு காட்டினது நீங்க. அவ புருஷனா?"

குண்டூசி அன்று நன்றாகத் தூங்கினார். காலையில் பால் எடுக்க வந்தார். வெள்ளைக் கதவின் நடுவில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு துண்டுத் தாள், பொடி எழுத்து. பால்காரர் வாசல் கதவருகில் நின்றபடி எட்டிப் பார்த்து, "எங்க சார், புலி சார் படம் இருந்துச்சே? தெனமும் பாப்பேனே?" என்றார். துண்டுத் தாள் அவர் கண்ணிலேயே படவில்லை.

பால்காரர் போனார். குண்டூசி இழுப்பறையைத் திறந்து புலியை எடுத்து மறுபடியும் கதவில் வைத்தார். படம் இருந்தால்தானே ஆள் நின்று பார்ப்பான், நின்றால்தானே படிப்பான். வாக்கியத்தை அதன் மேல் வைத்து, இரண்டையும் சேர்த்து ஒரே காந்தத்தால் அழுத்தினார். துண்டுத் தாள் சரியாகப் புலியின் மீசையை மறைத்தது. அது தற்செயல் என்றுதான் இன்றைக்கும் சொல்கிறார்.